கம்பம் பள்ளத்தாக்கு: ஆறும் மலையும் கொடிமுந்திரிகையும்

ஆறும் அதன் இருமருங்கும் உயர்ந்த மலைகளும் அம்மலைச் சாரலிற் படரும் முந்திரிகைத் தோட்டங்களும் ஒருங்கே அமைந்த நிலப்பரப்பினைக் குறிப்பிடும்போது, கற்றோர் மனத்தில் ஜெர்மனியின் றைன் ஆறும் போர்த்துக்கலின் டூரோ ஆறுமே முதலில் தோன்றுதல் இயல்பு. வைனும் பழங்கோட்டைகளும் மலைமுகட்டுக் காட்சிகளும் அவ்விடங்களுக்குப் புகழீட்டியுள்ளன. ஆயின், அத்தகைய அமைப்புடைய பள்ளத்தாக்கொன்று தமிழ் வழங்கும் நிலத்திலும் உண்டென்பதும், அதன் வரலாறு ஈழத்துடன் பல இடங்களிற் பின்னிக் கிடக்கின்றதென்பதும் பலரும் அறியாதவை. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்திலுள்ள கம்பம் பள்ளத்தாக்கே அது.

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் அரண்செய்ய, இடையே முல்லையாறு எனவும் முல்லைப் பெரியாறு எனவும் வழங்கும் ஆறு வடக்கு நோக்கி ஓடி வைகையுடன் கலக்கின்றது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்பன அதனை அடுத்துள்ள ஊர்கள். கேரள எல்லையிலுள்ள இராமக்கல்மேட்டில் ஏறி நின்று நோக்குவார்க்கு இப்பள்ளத்தாக்கு முழுதும் விரித்து வைத்த படம்போற் காட்சியளிக்கும். ஆற்றை ஒட்டி நெல்வயற் பசுமை, அதனை அடுத்துத் தென்னையும் வாழையும், அதற்கப்பாற் பந்தல் பந்தலாகக் கொடிமுந்திரிகை, அதனையுங் கடந்தால் மழையை நம்பிய மேட்டுநிலம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் வளைவுப் பாதையிலும், கீழ்முகாமிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையிலும் இதே காட்சி வெவ்வேறு கோணங்களிற் கிடைக்கின்றது. இக்காட்சியை இயற்கையின் கொடையென்று மட்டும் கொள்ளுதல் பொருந்துமா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினாவாகும்.

இப்பள்ளத்தாக்கின் தொன்மைக்குச் சான்றுகள் பல. உத்தமபாளையத்தை அடுத்த குன்றிற் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துப் பொறிப்புக்களும் பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் தமிழக வரலாற்றாய்வில் இன்றியமையாத இடம் பெற்றவை. பாண்டியர் மதுரையிற் சங்கம் நிறுவியமையையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியமையையும் கூறும் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிங்க பாண்டியன் காலத்ததாகும். சோழன் முதலாம் பராந்தகனிடம் தோல்வியுற்ற இவ்வேந்தன் இலங்கைக்கு வந்து உதவி நாடினான் என்றும், அது கைகூடாதவிடத்துத் தன் முடியையும் அணிகலன்களையும் இங்கேயே வைத்துவிட்டுச் சேரநாடு சென்றான் என்றும் சூளவம்சம் கூறுகின்றது. அம்முடியை இலங்கையிலிருந்து கைப்பற்றியதாக முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையுடன் பேசுகின்றது. ஆற்றங்கரை ஊரொன்றில் அறக்கொடையளித்துச் செப்பேடு பொறித்த அரசனின் முடி, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் கடல் கடந்த தீவில் இருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

பள்ளத்தாக்கின் மேற்கு முகட்டில், கூடலூருக்கு மேலே, மங்கலதேவி கோட்டம் எனப்படும் சிதைந்த கற்றளியொன்று உளது. மதுரையை எரியூட்டிய கண்ணகி வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடந்து நெடுவேள்குன்றத்தை அடைந்தாள் என்பது சிலப்பதிகாரச் செய்தி. அக்குன்றம் எதுவென்பதில் உரையாசிரியர் காலந்தொட்டே கருத்து வேறுபாடு நிலவியது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி சென்ற வழியைத் தாமும் கால்நடையாகப் பின்பற்றி ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டில் மங்கலதேவி கோட்டமே அவ்விடமென நிறுவ முற்பட்டார். அம்முடிபை எல்லோரும் ஏற்றனர் எனல் இயலாது. எனினும் மக்கள் நம்பிக்கை அதனைத் தழுவி நிற்கின்றது. ஆண்டில் ஒரு நாளே, சித்திரைப் பௌர்ணமியன்று, வழிபாட்டிற்காக இக்கோட்டம் திறக்கப்படுகின்றது. அன்று தமிழ்நாட்டினரும் கேரளத்தினரும் இருபுறமிருந்தும் மலையேறுவர். கண்ணகிக்குச் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் எனச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. மட்டக்களப்பிற் கண்ணகையம்மனுக்கு வைகாசியில் எடுக்கப்படும் குளிர்த்தி விழாவும் சிங்கள மக்களின் பத்தினி வழிபாடும் அந்நினைவின் தொடர்ச்சிகளே. எனவே இம்மலைமுகடு ஈழத்தவர்க்கு அயலானதன்று.

இனி, பள்ளத்தாக்கின் இன்றைய தோற்றத்தை உருவாக்கிய நீரின் வரலாற்றை நோக்குவோம். பெரியாறு இயல்பில் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலிற் சேரும் ஆறு. மலையின் மறுபுறமோ மழைமறைவு நிலம். வைகை பாயும் நாடு நீரின்றி வாடியது. மேற்கே வீணாகும் நீரைக் கிழக்கே திருப்புதல் வேண்டும் என்ற எண்ணம் 1789இல் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளைக்குத் தோன்றியது. பொருட்செலவு மிகுதியால் அது நிறைவேறவில்லை. 1808இல் ஆராய்ந்த ஆங்கிலப் பொறியியலாளர் கால்ட்வெல் அது கைகூடாத கனவென்றே அறிக்கையிட்டார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய கொடும் பஞ்சம் அக்கனவை மீண்டும் எழுப்பிற்று. 1886 ஒக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய அரசுக்குமிடையே 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை கைச்சாத்தாகியது. 8000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபா என்பது குத்தகை.

பொறியியலாளர் ஜோன் பென்னிகுயிக்கின் தலைமையில் 1887இல் தொடங்கிய வேலை, காட்டுக் காய்ச்சலையும் வெள்ளத்தையும் எதிர்த்து எட்டாண்டுகள் நடைபெற்றது. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தினால் எழுந்த அணையில் நீர் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தினூடாகக் கிழக்கே திருப்பப்பட்டது. 1895 ஒக்டோபரில் ஆளுநர் வென்லொக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். ஓர் ஆறு தான் பிறந்த மலையைத் துளைத்து மறுகடல் நோக்கிப் பாய்ந்தமை அக்காலத்திற் பெருவியப்பாக இருந்தது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியைத் திருப்பிச் சுரங்கவழியே வரண்ட வலயத்திற்கு அனுப்பிய திட்டத்தை அறிந்த இலங்கையர்க்கு அவ்வியப்பின் அளவு எளிதில் விளங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் வயல் இந்நீரால் இருபோகம் விளைகின்றது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளுக்கும் இந்நீர் செல்கின்றது. பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என மக்கள் வழங்கும் கதை, வரலாற்று ஆவணத்தினும் நன்றியுணர்வின் வெளிப்பாடாகவே கொள்ளத்தக்கது. அவர் பிறந்த நாளாகிய ஜனவரி 15 பொங்கலை ஒட்டி வருவதால் உழவர் அன்று அவர் படத்திற்கும் பொங்கலிடுவர். 2013இல் கீழ்முகாமில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. காய்ச்சலால் மடிந்த நூற்றுக்கணக்கான தொழிலாளரின் பெயர்களை இத்தகைய போற்றுதல் எட்டவில்லை என்பதும் உடன் நினைக்கற்பாலது.

மூன்றாவதாக, கொடிமுந்திரிகை. தமிழ்நாட்டார் திராட்சை என்பதனை ஈழத்தவர் முந்திரிகை என்பர். வெள்ளவத்தைச் சந்தையிற் கருங்குலையைக் காட்டி விலை கேட்பவர் வாயிலும் அச்சொல்லே வழங்கும். கொடி இங்கு வருமுன்னரே வைன் வந்துவிட்டது. யவனர் கலத்திற் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதனை நக்கீரர் புறநானூற்றிற் பாடியுள்ளார். அரிக்கமேட்டு அகழ்வுகளில் வெளிப்பட்ட உரோமச் சாடிகள் அவ்வாணிகத்திற்குச் சான்று. ஆயின், அத்தேறலைத் தந்த கொடியைத் தமிழ் மண்ணிற் பயிரிட்டமை மிகப் பிற்பட்ட நிகழ்ச்சியாகும்.

பிரெஞ்சுப் பாதிரியாரொருவர் 1832ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிற்குக் கொடிமுந்திரிகையைக் கொணர்ந்தார் என்பது பரவலாகக் கூறப்படும் செய்தி. கம்பத்தின் பன்னீர்த் திராட்சைக்கும் அதுவே பிறப்பு வரலாறாகச் சொல்லப்படுகின்றது. எனினும், பன்னீர்த் திராட்சை என்பது மஸ்கற் ஹம்பேர்க் என்னும் இனம். இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் அறியப்பட்ட கலப்பினமாகும். ஆகவே, பாதிரியார் கொணர்ந்த முதற்கொடியும் இன்று பந்தலிற் காய்க்கும் கொடியும் ஒன்றாயிருத்தல் அரிது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கொடிகள் வந்து, இம்மண்ணும் நீரும் ஏற்றுக்கொண்டதொன்று நிலைபெற்றது எனக் கொள்ளுதலே பொருந்தும். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களிற் கத்தோலிக்கத் திருச்சபை வேரூன்றியிருத்தலும் இப்பயிரின் வருகையைப் பாதிரிமாரோடு இணைத்துப் பேசும் மரபுக்கு இயைபுடையது.

ஐரோப்பாவிற் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடி ஆண்டுக்கு ஒருமுறையே காய்க்கும். குளிர்காலம் அறியாத கம்பத்திலோ கொடிக்கு உறக்கமில்லை. உழவன் கவாத்துச் செய்யும் நாளே அதன் பருவத்தை நிர்ணயிக்கின்றது. கவாத்திலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்திற் குலை பழுக்கும். இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை பெறுதலும் உண்டு. ஒரு தோட்டத்திற் பூவும் அடுத்ததிற் காயும் அதற்கடுத்ததிற் கனியுமாக ஆண்டு முழுதும் பழம் கிடைப்பது இதனாலேயாம். விளைச்சலிற் பெரும்பங்கு பழமாகவே விற்பனையாகின்றது. வைன் வடிக்கும் முயற்சிகள் இந்நூற்றாண்டிலேயே இங்குத் தலையெடுத்தன. 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வந்தேறிய கொடி தன் ஊர்ப்பெயரைச் சட்டப்படி பெற்ற நிகழ்ச்சி அது.

இவ்வளவும் ஓர் அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்து நிற்கின்றன. 1979இல் அணையின் பாதுகாப்புக் குறித்து எழுந்த ஐயத்தினால் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. நீண்ட வழக்கின் பின் 2014 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அணையின் கீழே வாழும் கேரள மக்களின் அச்சத்தைப் பொய்யெனத் தள்ளுதல் முறையன்று. நீர் குறைந்தால் தரிசாகும் வயலைக் கண்ட கம்பத்து உழவனின் அச்சமும் அவ்வாறே. 2011 டிசம்பரிற் குமுளிப் பாதை அடைபட்டு இருபுறமும் மக்கள் திரண்டு நின்றபோது, சித்திரைப் பௌர்ணமியன்று ஒரே கோட்டத்திற்கு ஏறும் மக்களே எதிரெதிராக நின்றனர்.

பழஞ்சின்னம் என்ற பெயர் கல்லுக்கும் செப்பேட்டுக்கும் மட்டும் உரியதன்று. மலையைக் குடைந்த சுரங்கமும், கவாத்துக் கத்தி பிடித்த கையின் பயிற்சியும், அயல் அரசுடன் செய்த உடன்படிக்கையும் அதனுள் அடங்கும். இராமக்கல்மேட்டுக் காட்சி இயற்கையின் கொடை மட்டுமன்று; மனிதர் எடுத்த முடிபுகளின் விளைவும் ஆகும். அம்முகடு கேரளத்திலும் அங்கிருந்து தோன்றும் பசுமை தமிழ்நாட்டிலும் உள்ளன. அப்பசுமைக்கு நீர் தருவது முகட்டின் மறுபுறத்து மலைக்காடு. மனிதர் முடிபினால் உருவானதொன்றை மனிதர் முடிபினாலேயே காத்தல் வேண்டும். இரு மாநிலத்தாரும் ஒருங்கிருந்து அம்முடிபினை எடுக்கும்வரை இப்பசுமைக்கு உறுதியில்லை.