பின்னுதைப்பை அடக்கிய வரலாறு

போர்களின் வரலாற்றை எழுதுவோர் அரசரையும் தளபதியரையும் பற்றி விரித்துரைப்பர். உடன்படிக்கைகளையும் எல்லை மாற்றங்களையும் அட்டவணையிடுவர். படைக்கலத்தை ஏந்தி நின்ற சாதாரணப் போர்வீரனின் தோள் பட்ட பாட்டை எழுதுவார் மிகச் சிலரே. ஆயினும் துப்பாக்கி வெடிக்குந்தோறும் அத்தோளிலே விழும் அடி, கடந்த இரு நூற்றாண்டுகளில் பொறியியலாளரின் அறிவைத் தூண்டியுள்ளது. அரசுகளின் முடிவுகளைப் புரட்டியுள்ளது. இறுதியில் போரின் இயல்பையே மாற்றியுள்ளது. அவ்வடியையே பின்னுதைப்பு என்கிறோம். அதனை மனிதன் எவ்வாறு அடக்கினான், அடக்கியதனால் விளைந்தது யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னுதைப்பின் காரணத்தை நாம் பௌதிக வகுப்பிலே கற்றிருக்கிறோம். 1687ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பெருநூலில் ஐசாக் நியூற்றன், ஒவ்வொரு தாக்கத்துக்கும் அதற்குச் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என விதித்தார். குழலினின்றும் குண்டும் வாயுவும் முன்னோக்கிப் பெறும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கிப் பெறும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர் ஏந்திய எம்-1 கறாண்டு என்னும் தன்னேற்றத் துப்பாக்கியின் நிறை ஏறத்தாழ 4.3 கிலோகிராம். அதன் குண்டு ஏறத்தாழ 9.7 கிராம் நிறையுடையது. செக்கனுக்கு ஏறத்தாழ 850 மீற்றர் வேகத்தில் வெளியேறுவது. குண்டின் உந்தத்தோடு, அதனைத் தொடர்ந்து சீறும் வாயுவின் உந்தத்தையும் கூட்டினால், துப்பாக்கி செக்கனுக்கு ஏறத்தாழ 2.8 மீற்றர் வேகத்தில் பின்னே பாயும் எனக் கணிக்கலாம். குண்டு கொண்டு செல்லும் சத்தி ஏறத்தாழ 3,500 யூல். தோளுக்கு வந்து சேர்வதோ 17 யூல் அளவினதே. உந்தம் இருபுறமும் சமமாயினும், நிறை மிக்க பொருள் மெதுவாக நகர்வதால் அதனிடத்துச் சேரும் சத்தி மிகச் சிறிதாகும். சுடுபவன் பிழைப்பதும் சுடப்படுபவன் வீழ்வதும் இவ்வேற்றுமையினாலேயாம்.

இக்கணக்கினை நோக்குவோர்க்குப் பின்னுதைப்பைத் தணிக்கும் வழிகள் நான்கு எனப் புலப்படும். படைக்கலத்தின் நிறையைக் கூட்டலாம், அல்லது அதனை அசையாப் பொருளொன்றோடு பிணைக்கலாம். உதைப்பு வந்து சேரும் காலத்தை நீட்டலாம். வெளியேறும் வாயுவைத் திசை திருப்பலாம். இறுதியாக, குண்டையும் வெடிமருந்தையுமே குறைக்கலாம். வரலாறும் பெரும்பாலும் இவ்வரிசையிலேயே நடந்துள்ளது.

முதலாவது வழி மிகத் தொன்மையானது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஜேர்மானிய நகரங்களின் மதில்களைக் காத்தோர் பயன்படுத்திய கைத்துப்பாக்கிகளின் குழலின் கீழே கொக்கியொன்று இருந்தது. அக்கொக்கியை மதிலின் விளிம்பிலே மாட்டிவிட்டுச் சுட்டால், உதைப்பை மனிதன் தாங்காது மதில் தாங்கும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அத்துப்பாக்கிக்கு வழங்கிய பெயரே கொக்கித் துப்பாக்கி எனப் பொருள்படும். கப்பற் பீரங்கிகளையோ தடித்த வடங்களால் கப்பலின் பக்கத்தோடு பிணைத்தனர். சுட்டவுடன் பீரங்கி உள்நோக்கி உருண்டு வடத்தின் எல்லையிலே நிற்கும். அவ்விடத்தில் மீண்டும் மருந்திட்டு முன்னே இழுப்பர். உதைப்பைத் தடுக்க இயலாதவிடத்து அதனையே வேலைக்காரனாகக் கொண்ட முதல் எடுத்துக்காட்டுக்களுள் இஃது ஒன்று.

இரண்டாவது வழியின் பெருவெற்றி பிரான்சிலே நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் களப் பீரங்கி, சுடுந்தோறும் தன் வண்டியோடு பின்னே உருண்டது. ஒவ்வொரு முறையும் அதனை முன்னே தள்ளிக்கொணர்ந்து இலக்கினை மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது. 1897ஆம் ஆண்டின் 75 மில்லிமீற்றர் பிரெஞ்சுப் பீரங்கி இத்தொல்லையை ஒழித்தது. தெப்போர் என்னும் அதிகாரி தொடங்கிய வேலையைச் செயின்ற்-கிளேர் தெவில், ரிமாயோ என்போர் நிறைவு செய்தனர். வண்டி நிலத்தில் ஊன்றி நிற்க, குழல் மட்டும் தொட்டிலொன்றின் மீது ஒரு மீற்றருக்கு மேலாகப் பின்னே வழுக்கிச் சென்றது. அவ்வியக்கத்தால் எண்ணெய் ஒடுங்கிய வழியூடே தள்ளப்பட்டு வேகத்தைத் தணித்தது. அடைபட்ட வாயு நெருக்குண்டு, பின்னர் விரிந்து குழலை முன்னைய இடத்துக்கே மீட்டது. இலக்கை மீளப் பார்க்க வேண்டாமையால், நிமிடத்துக்குப் பதினைந்து முறையும் அதற்கு மேலும் சுடல் கைகூடியது. உந்தம் ஒழிந்துவிடவில்லை. நொடிப்பொழுதில் விழுந்த அடி, நீண்ட தூரத்திலும் நீண்ட நேரத்திலும் பரவிய தள்ளலாயிற்று, அவ்வளவே. ஆனால் அவ்வளவே ஏனைய நாடுகளின் பீரங்கிகளையெல்லாம் ஒரே நாளிற் பழையன ஆக்கிவிட்டது.

இதே காலத்தில் வேறொருவர் உதைப்பை அடக்க முயலாது, அதனைப் பூட்டிய எருதெனக் கொண்டு வேலை வாங்க முனைந்தார். அமெரிக்காவிலே 1840இல் பிறந்து இலண்டனிலே குடியேறிய ஹைரம் மாக்சிம் என்பவரே அவர். இளமையில் இராணுவத் துப்பாக்கியொன்றைச் சுட்டபோது தோளிற் பட்ட அடியே தமக்கு இவ்வெண்ணத்தைத் தந்ததென்று அவர் கூறியதாகச் சொல்வர். அவர் 1884இல் அமைத்த இயந்திரத் துப்பாக்கியில், உதைப்பின் விசையே வெற்றுத் தோட்டாவை எறிந்து, புதியதை ஏற்றி, மீண்டும் சுட்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 குண்டுகள் அதனின்றும் வெளிப்பட்டன. 1898இல் சூடானில் ஒம்டுர்மான் என்னுமிடத்து நிகழ்ந்த போரில் மாக்சிம் துப்பாக்கியும் பீரங்கியும் கொண்ட பிரித்தானிய எகிப்தியப் படையில் இறந்தோர் ஐம்பதின்மருக்கும் குறைவர். எதிர்த்து நின்றோரில் பதினாயிரவருக்கு மேற்பட்டோர் ஒரு காலைப்பொழுதிலே மாண்டனர். ஒருவன் தோளை உறுத்திய அடி, பதினாயிரவர் மார்பைத் துளைக்கும் விசையாக மாறியமை வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்றாகும்.

இயந்திரத் துப்பாக்கி பலர் கூடிச் சுமக்கும் பாரமுடையது. தனி வீரன் ஏந்தும் துப்பாக்கி தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளச் செய்தல் அதனினும் அரிதாயிற்று. மெக்சிக்கோ நாட்டுத் தளபதி மனுவேல் மொந்திராகோன் வகுத்த தன்னேற்றத் துப்பாக்கி சுவிற்சலாந்தில் உருவாகி, 1908இல் மெக்சிக்கோப் படையால் ஏற்கப்பட்டது. ஆயினும் ஒரு பெரும் படை முழுவதற்கும் அத்தகைய துப்பாக்கியை வழங்கும் நிலை, கனடாவிற் பிறந்த யோன் கறாண்டு என்பாரின் எம்-1 துப்பாக்கியை அமெரிக்கா 1936இல் ஏற்றபோதே தோன்றியது. அதிலே குழல்வாயின் அருகே பிரியும் சிறிது வாயு ஒரு தண்டினைப் பின்னே தள்ளுகிறது. தண்டு தோட்டாக் கதவைத் திறந்து சுருள்வில்லை நெருக்குகிறது. இவ்வமைப்பினால் உதைப்பு முழுவதும் ஒரே அடியாக விழாது, சிறிது சிறிதாகப் பகிர்ந்து தோளைச் சேர்கின்றது. மொத்த உந்தம் மாறுவதில்லையெனினும், அடி என்று உணரப்பட்டது தள்ளல் என்று உணரப்படும்.

மூன்றாவது வழி வாயுவைத் திருப்புவது. குண்டின் பின்னே சீறும் வாயு உந்தத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை உடையது. குழல்வாயிலே துளைகளும் தடுப்புக்களும் அமைத்து அவ்வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் செலுத்தினால், அது துப்பாக்கியை முன்னே இழுக்கும். 1920களில் அமெரிக்கக் கடற்படை வீரர் அணியைச் சார்ந்த கற்ஸ் என்பாரின் அமைப்பு, தொம்சன் துப்பாக்கியின் வாய் மேலெழாதவாறு வாயுவை மேல்நோக்கிச் செலுத்தியது. சோவியத்து நாட்டின் 1940ஆம் ஆண்டுத் தொக்காரெவ் தன்னேற்றத் துப்பாக்கி குழல்வாய்த் தடுப்பு உடையதாய் இருந்தது. ஜேர்மனியின் வான்குடைப் படையினருக்கு 1942இல் அமைந்த துப்பாக்கியில் அத்தடுப்போடு, குழலுக்கு நேர்க்கோட்டில் அமைந்த பிடங்கும் இருந்தது. வளைந்து கீழிறங்கும் பிடங்கினால் குழல்வாய் மேலே துள்ளும். நேரான பிடங்கு உதைப்பைத் தோளுக்கு நேரே செலுத்தித் துள்ளலைக் குறைக்கும். ஆயினும் இவ்வழிக்கும் விலையுண்டு. பக்கம் திரும்பிய வாயு அருகிலிருப்போர் செவியைத் தாக்குகிறது. புழுதியை எழுப்பி வீரன் மறைந்திருக்கும் இடத்தைப் பகைவர்க்குக் காட்டுகிறது. தன் தோளுக்கு நேர்ந்த துன்பத்தை அயலான் செவிக்கு மாற்றியதே இங்குக் கண்ட பயன் எனலாம்.

நான்காவது வழியே மிக எளிது. அரசுகள் மிக நெடுங்காலம் மறுத்ததும் அதுவே. 1920களின் இறுதியில் அமெரிக்கப் படை வல்லுநர், பீடர்சன் என்பார் வகுத்த 0.276 அங்குலத் தோட்டாவை ஆராய்ந்து ஏற்கத்தக்கதெனக் கண்டனர். அது பழைய 0.30 அங்குலத் தோட்டாவினும் மெலிதாக உதைத்தது. கறாண்டின் துப்பாக்கியும் அத்தோட்டாவிற்கேற்ப ஒரே தடவையிற் பத்தினை ஏற்குமாறு அமைந்திருந்தது. ஆனால் 1932இல் படைத்தலைவராயிருந்த டக்ளஸ் மக்காதர் பழைய தோட்டாவையே தொடருமாறு பணித்தார். களஞ்சியங்களிலே குவிந்திருந்த தோட்டாக்களும் இயந்திரத் துப்பாக்கிகளின் தேவையும் காரணமாயின. கறாண்டு தம் படைப்பை மாற்றியமைத்தார். பத்துக்கு எட்டே எஞ்சியது.

வரலாறு இரண்டாம் முறையும் அதே வினாவை எழுப்பிற்று. பிரித்தானியர் 1951 ஏப்பிரலில் 0.280 அங்குலத் தோட்டாவைக் கொண்ட ஈ.எம்-2 என்னும் துப்பாக்கியை ஏற்றனர். அமெரிக்கா முழு வலியுடைய தோட்டாவை வற்புறுத்திற்று. அவ்வாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த சேர்ச்சில் நேசநாடுகளின் ஒற்றுமை கருதி அம்முடிவைக் கைவிட்டார். 7.62 மில்லிமீற்றர்த் தோட்டா பொதுவாயிற்று. அதற்கெனப் பிரித்தானியர் 1954இல் ஏற்ற பெல்ஜிய வழித் தன்னேற்றத் துப்பாக்கி ஒவ்வொன்றாகவே சுடுமாறு அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் இலங்கைப் படையினரும் அதனை ஏந்தினர். அமெரிக்கர் 1957இல் ஏற்ற எம்-14 துப்பாக்கியோ தொடர்ந்து சுடவும் வல்லதாயிருந்தது. ஆயின் தொடர்ந்து சுட்டால் குழல்வாய் வானை நோக்கிற்று. ஆகவே அவற்றிற் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகவே சுடுமாறு பூட்டி வழங்கப்பட்டன. அறையிலிருந்தோர் எழுதிய ஆணையைக் களத்திலிருந்த தோள் தள்ளிவிட்டது.

இதற்கிடையில் ஜேர்மனியர் குறுகிய தோட்டாவைக் கொண்ட துப்பாக்கியைப் போரின் இறுதியாண்டுகளில் வழங்கியிருந்தனர். சோவியத்து நாடு 1949இல் கலாஷ்னிக்கோவின் துப்பாக்கியை ஏற்றது. அமெரிக்காவும் 1960களில் எம்-16 துப்பாக்கிக்கு மாறியது. அதன் குண்டின் நிறை 3.6 கிராமே, வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 990 மீற்றர். துப்பாக்கி மிக இலேசானதாயிருந்தும், தோளிற் சேரும் சத்தி கறாண்டின் துப்பாக்கியினதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. இருமுறை மறுக்கப்பட்ட உண்மை மூன்றாம் முறை அரியணை ஏறியது.

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்க உண்மைகள் இரண்டு. இயற்கையின் விதியை ஆணையாலோ களஞ்சியக் கணக்காலோ வெல்லல் இயலாது என்பது ஒன்று. உந்தத்தை ஒழிக்க வல்லார் ஒருவருமிலர். அதனைப் பகிரலாம், திருப்பலாம், முதலிலேயே குறைவாக உண்டாக்கலாம். இதனை உணர்ந்த பொறியியலாளர் வென்றனர். உணராத அமைச்சுக்கள் கால் நூற்றாண்டை இழந்தன.

மற்றையது இதனினும் கனமானது. பழைய துப்பாக்கியின் உதைப்பு ஒரு வகையில் வேலியாய் நின்றது. அதனைத் தாங்க முதிர்ந்த உடலும் நெடும் பயிற்சியும் வேண்டியிருந்தன. பாரமும் உதைப்பும் குறைந்தபோது, அவ்வேலியும் வீழ்ந்தது. மீசை அரும்பாத சிறுவரும் படைக்கலம் ஏந்தக்கூடியவராயினர், ஏந்தவும் வைக்கப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் இதனைக் கண்டன. எம் நாடும் கண்டது. பள்ளி வாங்கிலே நியூற்றனின் விதியைக் கற்க வேண்டிய பருவத்தினர், அவ்விதியைத் தம் தோளிலே கற்றனர்.

பின்னுதைப்பை அடக்கியவர் எவரும் இதனை நினைந்து செய்தாரல்லர். வீரனின் நோவைக் குறைத்தலும் குறி தவறாமற் காத்தலுமே அவர் கருதியன. ஆயினும் ஒரு கருவியைக் கையாளுபவனுக்கு அதனால் உண்டாகும் நோவு குறையுந்தோறும், அதனைக் கையாளுமுன் எண்ணிப் பார்க்கும் பொறுப்புப் பெருகவேண்டும். இயந்திரத்தின் மறுதாக்கத்தைப் பொறியியலாளர் குறைத்துத் தந்தனர். செயலின் மறுதாக்கத்தையோ எந்தச் சுருள்வில்லும் தாங்கிக்கொள்வதில்லை. அதனைத் தாங்குவது சமுதாயமே. விஞ்ஞானத்தை வரலாற்றோடு சேர்த்துக் கற்க வேண்டுவது இதன் பொருட்டேயாம்.