அவுரி நீலமும் ஆய்வுக்கூட நீலமும்

அவுரிச் செடியை நம்மிற் பலர் அறிவோம். திண்டிவனம், விழுப்புரம் பக்கங்களில் அது இன்றும் பயிராகிறது. நரைக்குப் பூசும் இலைப்பொடியாகக் கடைகளில் விற்கிறது. அந்த இலையிலிருந்து எடுக்கும் நீலச் சாயம் ஒரு காலத்தில் இந்நாட்டிலிருந்து கப்பலேறிய பெருஞ்சரக்குகளுள் ஒன்று. ஐரோப்பியர் அதற்கு இட்ட ‘இண்டிகோ’ என்னும் பெயருக்கே இந்தியாவிலிருந்து வந்த பொருள் என்றுதான் அர்த்தம். தென் ஆற்காட்டிலும் கடப்பையிலும் விளைந்ததைச் சென்னைத் துறைமுகம் ஏற்றி அனுப்பியது. ஆயினும் உலகச் சந்தையில் முதலிடம் பெற்றது வங்காளத்து நீலமும், பின்னர் வடபீகாரின் நீலமுமே. பீகாரில் குடியேறி வாழும் நேயர்கள் சம்பாரண், முசபர்பூர்ப் பக்கங்களில் பயணம் செய்யும்போது, வயல் நடுவே புதர் மூடிக் கிடக்கும் செங்கல் தொட்டிகளைக் காணக்கூடும். ‘நீல் கோட்டி’ என்று ஊரார் காட்டுவார்கள்.

அந்தத் தொட்டிகள் வறண்டதற்குக் காரணம் மழை பொய்த்ததன்று. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ரைன் நதிக்கரையில் ஒரு கம்பெனி 17 ஆண்டுகள் விடாமல் செய்த வேலையே காரணம். ஒரு தொழிலைப் புதுமை காணத் தூண்டுவது எது? மற்றொரு தொழிலைப் பழைய தடத்திலேயே கிடக்கச் செய்வது எது? இவ்வினாக்களுக்கு நீலத்தின் சரித்திரத்தைப் போல் தெளிவாக விடை தருவது வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். பூக்கும் பருவத்தில் செடியை அறுத்துக் கட்டுக்கட்டாக மேல்தொட்டியில் அடுக்கி நீர் விட்டு ஊற வைப்பார்கள். அரை நாளளவில் அது புளித்து, மஞ்சள் கலந்த பச்சை நீராக மாறும். அதைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டபின், ஆட்கள் உள்ளே இறங்கி, இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, துடுப்பு போன்ற கட்டைகளால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். காற்றுப் பட்டு நீலம் பிரிந்து அடியில் படியும். அந்தப் படிவைக் காய்ச்சி, வடித்து, அழுத்திக் கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்துவார்கள். பிற்காலத்தில் சில கோட்டிகளில் நீராவியால் சுழலும் சக்கரங்கள் ஆட்களுக்குப் பதிலாக வந்தன. மற்றபடி 1790-இல் இருந்த முறைக்கும் 1890-இல் இருந்த முறைக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

ஒரு நூற்றாண்டுக் காலம் ஏன் மாற்றமே இல்லை? நீலத் துரைமார் அறிவற்றவர்கள் அல்லர். மாற்ற வேண்டிய அவசியம் அவர்களுக்கு நேரவில்லை என்பதே உண்மை. வங்காளத்தில் குடியானவனுக்கு ஒருமுறை முன்பணம் கொடுத்துவிட்டால், அவன் தலைமுறை தலைமுறையாக நீலம் பயிரிட்டே தீரவேண்டும்; விலையைத் துரை நிர்ணயிப்பார். 1859-இல் குடியானவர்கள் ‘இனி நீலம் விதையோம்’ என்று கிளர்ந்தெழுந்தனர். 1860-இல் விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. அதே ஆண்டில் தீனபந்து மித்திரர் ‘நீல தர்ப்பணம்’ என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பதிப்பித்த பாதிரியார் ஜேம்ஸ் லாங்கு 1861-இல் ஒரு மாதச் சிறைவாசமும் 1,000 ரூபாய் அபராதமும் பெற்றார். இவ்வளவும் நடந்தபின் தொழில் செய்த ஏற்பாடு என்ன? முறையைச் சீர்திருத்தவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டது. கீழ்வங்காளத்தில் நீலம் குறைந்தது; வடபீகாரில் பெருகியது. அங்கே ‘தீன்கட்டியா’ என்றொரு வழக்கம்: ஒரு பீகா நிலத்தின் 20 கட்டாவில் 3 கட்டாவைத் துரைக்காக நீலத்துக்கு ஒதுக்கவேண்டும். செலவு கூடினாலும் விலை சரிந்தாலும், சுமையை இறக்கிவைக்கக் குடியானவனின் தோள் இருந்தது. அந்தத் தோள் இருக்கும்வரை ஆராய்ச்சிக்கு என்ன தேவை?

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு கொயினா மருந்து செய்ய முயன்றார். கொயினா வரவில்லை, அழகிய ஊதாச் சாயம் வந்தது. செயற்கைச் சாயத் தொழில் இப்படித்தான் இங்கிலாந்தில் பிறந்தது. நிலக்கரியும் நூல் ஆலைகளும் மூலதனமும் அந்நாட்டில்தான் நிரம்ப இருந்தன. ஆனால் குழந்தை பிறந்த வீட்டில் வளரவில்லை. பெர்க்கினின் ஆசிரியரான ஹோப்மான் 1865-இல் தம் தாய்நாடான ஜெர்மனிக்குத் திரும்பினார். மான்செஸ்டரில் தொழில் கற்ற ஹைன்ரிஹ் காரோவும் திரும்பி, 1865-இல் தோன்றிய பாடிஷ் அனிலீன் சோடா கம்பெனியில் சேர்ந்தார். இன்று பி.ஏ.எஸ்.எப். என்று உலகம் அறியும் கம்பெனி அது. லூத்விக்ஸ்ஹாபன் நகரில் இருப்பது.

1869-இல் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மஞ்சிட்டி வேரின் சிவப்பான அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் முறைக்கு, காரோவும் அவருடைய கூட்டாளிகளும் ஜூன் 25-ஆம் தேதி லண்டனில் பேட்டண்ட் உரிமை கோரினர். பெர்க்கின் கோரியது ஜூன் 26. ஒரே நாள் வித்தியாசம்! நம் சோழமண்டலக் கரையின் சாயவேரில் உள்ள சிவப்பும் இந்த அலிசரினே. ஆகவே அந்தப் போட்டியில் யார் வென்றாலும் சாயவேர் தோண்டிப் பிழைத்த நம் ஊர் மக்கள் தோற்பது உறுதியாகிவிட்டது. 1874-இல் பெர்க்கின் தம் தொழிற்சாலையை விற்றுவிட்டு ஓய்ந்தார். ஜெர்மன் கம்பெனிகளோ, பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ரசாயனிகளை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஆராய்ச்சியையே ஓர் அன்றாட அலுவலாக்கின. 1877-இல் அந்நாட்டில் வந்த பேட்டண்ட் சட்டமும் இதற்குத் துணைசெய்தது. அது பொருளுக்கு உரிமை தரவில்லை, செய்முறைக்கே தந்தது. ஆதலால், ஒருவன் கண்ட பொருளுக்கு வேறு வழி காண்பதில் மற்றவர்களுக்கும் ஆதாயம் இருந்தது.

நீலத்தின் மீது முதலில் கண் வைத்தவர் அடால்ப் பேயர் என்னும் பேராசிரியர். 1865-இல் ஆராயத் தொடங்கி, 1880-இல் ஆய்வுக்கூடத்தில் நீலத்தைச் செய்து காட்டினார். 1883-இல் அதன் அணு அமைப்பையும் கண்டறிந்தார். பாடிஷ் கம்பெனியும் ஹோக்ஸ்ட் கம்பெனியும் அவருடைய உரிமையை வாங்கின. அத்துடன் கதை முடிந்தது என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால் கம்பெனிக்குத் தொல்லை அங்கேதான் தொடங்கிற்று. பேயரின் நீலம் அவுரி நீலத்தை விட விலை மிகுந்தது. குப்பியில் ஆகும் ஒன்று கொப்பரையில் ஆவதற்கு எவ்வளவு தூரம்!

1890-இல் சூரிச் நகரப் பேராசிரியர் கார்ல் ஹாய்மான் புதிய வழி கண்டார். அந்த வழியிலும் கம்பெனி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. அதனை நாம் மிகவும் வியக்கிறோம். உலகத்துக்கு வேண்டிய நீலம் முழுவதையும் செய்ய எந்த மூலப்பொருள் போதிய அளவில் கிடைக்கும் என்பதே அந்தக் கணக்கு. தாரில் கிடைக்கும் டொலுவீன் போதாது. நாப்தலீனோ, வாங்குவாரின்றிக் குவிந்து கிடந்தது. நாம் பெட்டியில் துணிகளுக்கிடையே போடும் பாச்சை உருண்டைதான் அது! எனவே நாப்தலீனிலிருந்தே தொடங்குவது என்று முடிவாயிற்று.

அதை முதற்படியில் மாற்றும் முறை செலவு மிக்கதாக இருந்தது. ஸாப்பர் என்னும் ரசாயனியின் ஆய்வில் வெப்பமானி உடைந்து, பாதரசம் கந்தகத் திராவகத்தில் கலந்துவிட, மாற்றம் திடீரென்று எளிதாயிற்று என்று சொல்வதுண்டு. தற்செயலாகவே இருக்கட்டும். வெப்பமானிகள் எங்கும்தான் உடைகின்றன. உடைந்தபின் என்ன நேர்ந்தது என்று கவனித்து எழுதிவைக்கச் சம்பளம் பெறும் ஒருவர் அருகில் இருந்தார் என்பதே இங்கு முக்கியம். பிறகு மிகக் காரமான கந்தகத் திராவகம் ஏராளமாகத் தேவைப்பட்டது. அதற்காக ருடால்ப் க்னீட்ஷ் என்பவர் புதிய தயாரிப்பு முறையையே உருவாக்கினார். குளோரினும் வேண்டியிருந்தது, அதற்கு மின்சாரத்தைத் துணைகொண்டனர். ஒரு நீலத்தைத் தேடப்போய் மூன்று நான்கு தொழில்கள் பிறந்தன. 1897-இல் சரக்கு சந்தைக்கு வந்தபோது, கம்பெனி அதற்காக 1 கோடி 80 லட்சம் மார்க் செலவிட்டிருந்தது. அதன் பங்கு மூலதனத்துக்கு ஏறத்தாழ ஈடான தொகை. 1901-இல் பிளேகர் என்பவர் இன்னும் சிக்கனமான வழி காண, ஹோக்ஸ்ட் கம்பெனி அதைக் கொண்டு போட்டியில் இறங்கிற்று.

இந்தக் கம்பெனிகளைத் தரும தேவதைகளாக நாம் வருணிக்கவில்லை. சாயத் தொழிலாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் காண்பதை 1895-இலேயே பிராங்க்பர்ட் நகரின் லூத்விக் ரேன் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். அங்கும் தோள்கள் இருந்தன, சுமை இறங்கியது. எனினும் சாயத்தின் அடக்க விலையை மட்டும் எந்தத் தோள் மீதும் தள்ளிவிட முடியவில்லை. அதை மூளையால்தான் குறைக்க வேண்டியிருந்தது.

1890-களின் நடுவில் இந்தியாவில் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் நீலம் பயிராயிற்று. புதுச் சரக்கோ எப்போதும் ஒரே தரமுடையது. சாயக்காரன் அளந்து போடலாம். சில ஆண்டுகளுக்குள் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 1900-இல் பெர்லினில் பேசிய பாடிஷ் கம்பெனித் தலைவர் ஹைன்ரிஹ் புருங்க், தங்கள் ஓராண்டு உற்பத்தி 2.5 லட்சம் ஏக்கர் அவுரிக்குச் சமம் என்று கணக்குக் காட்டினார். பஞ்சத்தால் வாடும் இந்தியாவில் அந்நிலம் உணவுப் பயிருக்கு விடுபடுமே என்றும் கூறினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நிலம் விடுபடுவது வேறு. அதை உழுபவன் விடுபடுவது வேறு.

துரைமாரும் இப்போது விழித்தனர். ராசன் என்ற ரசாயனியை அமர்த்தினர். ஜாவாவிலிருந்து விளைச்சல் மிகுந்த விதையைத் தருவித்தனர். அந்தச் செடியும் வாடல் நோயில் வீழ்ந்தது. 1905-இல் பீகாரின் பூசா கிராமத்தில் அமைந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டு அந்த நோயை ஆராய்ந்தார். கரோல்பாகில் வாழும் தில்லித் தமிழர்கள் நாள்தோறும் சொல்லும் ‘பூசா சாலை’ என்ற பெயர் இந்தப் பூசாவிலிருந்து வந்ததே. 1934-இல் பூகம்பத்தில் கட்டடம் இடிந்தபின், 1936-இல் நிலையம் பெயரோடு தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. ஆராய்ச்சிகள் நல்லவைதாம், 20 ஆண்டு தாமதித்து வந்தவை.

அதற்குள் துரைமார் பழகிய வழியையே நாடிவிட்டனர். நீலத்தில் ஆதாயம் போனதும், ‘நீலம் பயிரிடும் கடமையிலிருந்து உன்னை விடுவிக்கிறேன், அதற்கு ஈடு கொடு’ என்று குடியானவனிடமே கேட்டனர்! நிரந்தரக் குத்தகை உள்ள இடங்களில் வரியை உயர்த்தினர்; அதற்கு ‘ஷரஹ்பேஷி’ என்று பெயர். தற்காலிகக் குத்தகை நிலங்களில் மொத்தத் தொகையாக ‘தாவான்’ வாங்கினர். கையில் பணமில்லாதவன் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தான். லூத்விக்ஸ்ஹாபனில் கண்டுபிடித்த சாயத்துக்குச் சம்பாரணின் குடியானவன் தண்டம் கட்டினான்.

1914-இல் போர் மூண்டு ஜெர்மன் சாயம் நின்றது. நீலத்தின் விலை எகிறியது. மறுபடியும் விதைக்கச் சொன்னார்கள். 1916 டிசம்பரில் லக்னோ காங்கிரசுக்கு வந்த ராஜ்குமார் சுக்லா என்னும் சம்பாரண் விவசாயி, காந்தியடிகளை விடாமல் தொடர்ந்து தம் ஊருக்கு அழைத்தார். 1917 ஏப்ரலில் காந்தியடிகள் மோத்திஹாரி சென்றார். ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வந்து வரிசையில் நின்று வாக்குமூலம் கொடுத்தனர். அரசாங்கம் விசாரணைக் குழுவை நியமித்தது. அதில் அவரும் ஓர் உறுப்பினர். 1918-இல் சம்பாரண் விவசாயச் சட்டம் நிறைவேறித் தீன்கட்டியா ஒழிந்தது. உயர்த்திய வரி ஓரளவு குறைந்தது. வாங்கிய தாவானில் நான்கில் ஒரு பங்கைத் திருப்பித் தர ஏற்பாடாயிற்று. மற்ற மூன்று பங்கு துரைமாரிடமே தங்கிற்று. போர் ஓய்ந்து செயற்கை நீலம் மீண்டும் வந்தது. பத்தாண்டுகளுக்குள் துரைமாரில் பெரும்பாலோர் கோட்டிகளை விற்றுவிட்டுக் கப்பலேறினர்.