மணமில்லா வாயுவைத் தேடிய தொழில்

காரின் ஏ.சி.யும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. ஒரு வாயுவை அழுத்தி, அதன் வெப்பத்தை வெளியேற்றித் திரவமாக்கி, அத்திரவத்தை மீண்டும் ஆவியாக விட்டால், அது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆயினும் கசிவு என்று வரும்போது இரண்டுக்கும் பெருத்த வேறுபாடு உண்டு. குளிர்பதனப் பெட்டியில் மோட்டாரும் கம்ப்ரசரும் பற்றவைத்து மூடிய ஒரே கூட்டுக்குள் அடங்கியிருப்பதால், ஒருமுறை நிரப்பிய வாயு பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். காரிலோ கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சின். பெல்ட் வழியே வரும் அச்சுழற்சி உள்ளே செல்ல வேண்டுமானால் கம்ப்ரசரின் தண்டு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீண்டாக வேண்டும், அந்தத் துளையை அடைத்து நிற்பதோ ஷாஃப்ட் சீல் எனப்படும், நாளடைவில் தேய்ந்துபோகிற ஒரு வளையம். போதாக்குறைக்குக் கம்ப்ரசர் எஞ்சினோடு சேர்ந்து குலுங்க, வெப்பத்தை வெளியேற்றும் கன்டென்சரும் குளிர் தரும் கூலிங் காயிலும் பாடியோடு பிணைந்து நிற்கின்றன. இவற்றை இணைக்கும் வேலை ரப்பர் ஹோஸ்களின் தலையில் விழுகிறது. கார் ஏ.சி. கசிவோடுதான் பிறந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆலையிலேயே ஏ.சி. பொருத்திக் கார் விற்ற முதல் நிறுவனம் அமெரிக்காவின் பேக்கார்டு. 1939 நவம்பரில் சிக்காகோ கண்காட்சியில் காட்டப்பட்டு, 1940ஆம் ஆண்டு மாடல்களில் 274 டாலர் கூடுதல் விலைக்குக் கிடைத்த அந்த அமைப்பைக் கிளீவ்லாந்து நகரின் பிஷப் அண்ட் பாப்காக் நிறுவனம் செய்து கொடுத்தது. கம்ப்ரசர் முன்னால் எஞ்சினிலும் கூலிங் காயில் பின் இருக்கைக்குப் பின்னாலும் இருந்ததால், குழாய்கள் காரின் நீளம் முழுவதும் ஓடின. ஒவ்வோர் இணைப்பும் கசிவுக்கு ஒரு வாய்ப்பாக அமைந்தது. கம்ப்ரசரைத் தனியே இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் கிளட்ச் அதில் இல்லை. குளிர் வேண்டாத மாதங்களில் எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டியிருந்தது. இப்படி மாதக்கணக்கில் சுழலாமல் கிடக்கும் கம்ப்ரசரில் சீலின் மேலுள்ள எண்ணெய்ப் படலம் வற்றிவிடும் என்பதால், பயன்படுத்தாத காலத்தில்தான் வாயு அதிகம் வெளியேறியது. பேக்கார்டு 1941ஆம் ஆண்டு மாடல்களோடு இதைக் கைவிட்டது. போருக்குப் பின் 1953இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் ஏ.சி.யை மீண்டும் கொண்டுவந்தன. அடுத்த ஆண்டு நாஷ் நிறுவனம் எல்லா உறுப்புகளையும் காரின் முன்பக்கத்திலேயே அடக்கிக் காட்டிய பின், நீண்ட குழாய்களின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது.

கசிவைத் தேடுவது ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்குக் காரணத்தை வாயுவின் வரலாற்றில்தான் தேட வேண்டும். குளிர்பதனத் துறை தொடக்கத்தில் நம்பியிருந்த அம்மோனியாவும் சல்ஃபர் டையாக்சைடும் மூக்கைத் துளைக்கும் நெடி உடையவை. கசிந்தால் கட்டடமே அறிந்துவிடும். அம்மோனியா ஆலைகளில் இணைப்புகளுக்கு அருகே கந்தகத் திரியைக் கொளுத்திக் காட்டுவார்கள், கசிவு இருக்குமிடத்தில் வெண்புகை எழும். மூன்றாவதாக வந்த மெத்தில் குளோரைடின் மணம் மெல்லியது, அதன் நஞ்சோ கொடியது. 1929இல் சிக்காகோவில் அந்த வாயு கசிந்து பலர் இறந்தனர். நச்சும் தீப்பற்றும் இயல்பும் இல்லாத வாயு ஒன்றை ஜெனரல் மோட்டார்ஸுக்காகத் தேடிய தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய உதவியாளர்களும் குளோரினும் ஃபுளோரினும் சேர்ந்த சேர்மங்களைக் கண்டடைந்தனர். 1930இல் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். ஒரே மூச்சில் இரண்டு பண்புகளும் மெய்ப்பிக்கப்பட்டன. ஃப்ரியான் 12 அல்லது ஆர்-12 என்று பின்னர் உலகறிந்த இந்தக் குடும்பத்து வாயுவை நுகர்ந்தும் அறிய முடியாது, கண்ணாலும் காண முடியாது. வாயு எவ்வளவுக்கு ஆபத்து குறைந்ததோ அவ்வளவுக்குக் கசிவு மனிதப் புலன்களிலிருந்து மறைந்துகொண்டது.

மூக்கு தோற்ற இடத்தில் சுடர் வந்தது. ஃபிரெட்ரிக் பைல்ஸ்டைன் 1872இல் கண்ட ஒரு சோதனைதான் இதற்கு அடிப்படை. காய்ச்சிய செம்பின் மேல் குளோரின் போன்ற ஹாலஜன் தனிமங்கள் கலந்த பொருள் பட்டால் சுடர் பச்சையாகும். இதைக் கொண்டு செய்த ஹாலைடு டார்ச் என்னும் விளக்கில், எரியத் தேவையான காற்று ஒரு நீண்ட ரப்பர்க் குழாய் வழியாகவே உறிஞ்சப்படும். சுடருக்கு நடுவே ஒரு செம்புத் தகடு பழுக்கக் காய்ந்திருக்கும். மெக்கானிக் அந்தக் குழாயின் நுனியை ஒவ்வோர் இணைப்பின் அடிப்பக்கத்திலும் மெதுவாக நகர்த்துவார். வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே தேடிப் பயனில்லை. நிறமற்று எரிந்த சுடரின் ஓரத்தில் இளம்பச்சை தோன்றினால் சிறு கசிவு. அது திடீரென அடர்ந்த நீலமாகவோ ஊதாவாகவோ மாறினால் பெருங்கசிவு. வெயிலில் சுடரின் நிறம் தெரியாது என்பதால் வண்டியை நிழலுக்குத் தள்ளிச் செல்வது வழக்கம். பெட்ரோல் ஈரமும் எண்ணெயும் படிந்த எஞ்சின் அருகே எரியும் சுடரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த துணிச்சலைவிட வியப்பளிக்கும் செய்தி வேறொன்று உண்டு: நஞ்சற்றது என்று கொண்டாடப்பட்ட ஆர்-12 சுடரில் பட்டுச் சிதையும்போது, முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட ஃபாஸ்ஜீன் வாயுவும் சிறிதளவு உண்டாகும்.

இந்த விளக்கு அதிகம் எரிந்த நிலம் டெக்சஸ். அங்கே டாலஸிலும் ஃபோர்ட் வொர்த்திலும், ஆலையில் ஏ.சி. பொருத்தாமல் வந்த கார்களுக்கு டேஷ்போர்டின் கீழே தொங்கவிடும் ஏ.சி.யைச் செய்து விற்கும் தொழில் 1950களில் செழித்தது. ஏ.ஆர்.ஏ., ஃப்ரிஜிகார், மார்க் ஃபோர் ஆகியவை அக்காலத்தின் புகழ்பெற்ற பெயர்கள். மார்க் ஃபோரைச் செய்த ஜான் ஈ. மிட்செல் நிறுவனம் முன்பு பருத்தி அரவை ஆலைகளுக்கான எந்திரங்களைச் செய்துவந்தது, கார் ஏ.சி.யில் கற்ற வித்தையைக் கொண்டு ஐசீ என்னும் பனிப்பானம் செய்யும் எந்திரத்தைத் தயாரித்ததும் அதே நிறுவனம்தான். இத்தகைய ஏ.சி.களில் கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட் முதல் ஹோஸின் நீளம் வரை எல்லாமே பட்டறையில் வைத்து முடிவாயின என்பதால், கசிவும் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டது. ஆனால் கசிவைத் தேடிச் சரிசெய்வதைவிட வாயுவை மீண்டும் ஏற்றுவது மலிவாக இருந்தது. உதிரிபாகக் கடைகளில் சிறு டப்பாக்களில் விற்ற ஆர்-12ஐ வாங்கி, கோடைக்குக் கோடை கார்க்காரரே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் வேரூன்றியது. கசிவை ஒரு பழுதாகவே எவரும் கருதவில்லை என்பதுதான் அந்தக் காலத்தின் உண்மை.

இந்த அலட்சியம் செல்லுபடியாகாத ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் எஞ்சினை மாற்றுகிறவர்கள். 1955இல் வந்த செவர்லேயின் சிறிய வி-8 எஞ்சின் மலிவும் ஆற்றலும் ஒருசேரக் கொண்டிருந்ததால், அமெரிக்காவில் அதைப் பழைய ஃபோர்டு முதல் ஜாகுவார் வரை கண்ட கார்களில் எல்லாம் இறக்கினார்கள். ஜாகுவாரின் எக்ஸ்ஜே கார்களில் ஏற்கெனவே ஜெனரல் மோட்டார்ஸின் ஏ-6 கம்ப்ரசர் பொருத்தப்பட்டிருந்தது. 1962இல் அறிமுகமான அந்தக் கனத்த கம்ப்ரசரால், செவர்லே எஞ்சின் வந்ததும் தன் தாய்வீட்டுப் பிராக்கெட்டிலேயே ஏறி அமர்ந்துகொள்ள முடிந்தது. மற்றக் கார்களுக்கு இந்த நல்வாய்ப்பு இல்லை. பழைய கார்களுக்கென்றே ஏ.சி. வடிவமைக்கும் விண்டேஜ் ஏர் நிறுவனத்தை ஜாக் சிசன்ஹால் 1976இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் தொடங்கியதற்கு இந்தத் தேவையே பின்புலம்.

எஞ்சின் மாற்றிய காரில் கசிவு ஏற்படும் இடங்கள் தற்செயலானவை அல்ல. புதிய எஞ்சின் பழையதைவிட அதிகத் திருப்புவிசை உடையதாயின், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது தன் மவுண்ட் ரப்பர்களின் மேல் ஒருபுறமாகச் சாயும். பழைய எஞ்சினுக்கு அளந்து வெட்டிய ஹோஸ் அப்போது இழுபட்டு, அதன் முனையிலுள்ள உலோக வளையத்தின் அழுத்தம் தளரும். பிராக்கெட் சிறிதே கோணலாக இருந்தாலும் பெல்ட் கம்ப்ரசர்த் தண்டைப் பக்கவாட்டில் இழுத்து சீலைத் தின்றுவிடும். வேகத்துக்காகப் பொருத்தும் ஹெடர் என்னும் புகைபோக்கிக் குழாய்கள் ஹோஸை ஒட்டிச் சென்றால் ரப்பர் வெந்து வெடிக்கும். இவற்றையெல்லாம் விட அதிகம் ஏமாற்றுவது இணைப்பு வகை. பழைய அமைப்புகளில் செம்புக் குழாயின் வாயை விரித்து இறுக்கும் ஃப்ளேர் இணைப்பும், பின்னர் வந்தவற்றில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளைய இணைப்பும் இருந்தன, இரண்டு கார்களின் பாகங்களை ஒன்றாக்கும்போது இவ்விரண்டையும் வலிந்து பொருத்தினால் அன்றைக்கு நிற்கும், ஓராண்டில் ஒழுகும். அனுபவமுள்ள மெக்கானிக் கருவியை எடுப்பதற்கு முன் எண்ணெய்க் கறையைத்தான் தேடுவார். வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும் என்பதால் ஓட்டையைச் சுற்றித் தூசி பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். எஞ்சின் எண்ணெயும் பவர் ஸ்டியரிங் எண்ணெயும் சிதறிக் கிடக்கும் மாற்றிய எஞ்சினில் இந்தத் தடயம் அழிந்துபோகும்.

சுடருக்குப் பின் பொறி வந்தது. நுனியில் உயர் மின்னழுத்தப் பொறியை உண்டாக்கி, ஹாலஜன் வாயு பட்டதும் மின்னோட்டம் மாறுவதை ‘டிக் டிக்’ ஒலியின் வேகத்தால் அறிவிக்கும் கையடக்கக் கருவிகள் பட்டறைகளில் பரவின. அதற்குள் கசிவின் பொருளே மாறிவிட்டது. ஆர்-12 போன்ற வாயுக்கள் மேல்வளிமண்டலத்தில் சிதைந்து ஓசோனை அழிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினர். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துளை உறுதியானது. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. அமெரிக்காவில் 1992 முதல் வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது குற்றமாயிற்று, சிறு டப்பாக்களைச் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்குகளுக்கு மட்டுமே விற்கலாம் என்றாயிற்று. 1995 முடிவில் உற்பத்தி நின்றதும் ஆர்-12 விலை எகிறி, மயாமி துறைமுகம் வழியே அது கடத்தப்படும் பண்டமானது. இந்தியாவில் இத்தகைய வாயுக்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுள் ஒன்றான கெம்பிளாஸ்ட் சன்மாரின் ஆலை மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்டில் இந்தியா அவற்றின் உற்பத்தியைப் பெரும்பாலும் நிறுத்தியது.

மாற்றாக வந்த ஆர்-134ஏ வாயுவில் குளோரின் இல்லை. ஓசோனைக் காக்கும் அந்தப் பண்பே பழைய விளக்கையும், குளோரினுக்கென்று பழகிய பொறிக் கருவியையும் குருடாக்கிற்று. அதன் மூலக்கூறு சிறியது என்பதால் பழைய ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே ஊடுருவியது. உள்ளே நைலான் படலம் கொண்ட ஹோஸ்களும் புதிய வகை ஓ-ரிங்குகளும் தேவைப்பட்டன. எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, சில நாள் ஓட்டியபின் புறஊதா விளக்கைப் பிடித்துப் பார்க்கும் முறை பரவிற்று. ரேடியேட்டர் கூலண்டும் அதே விளக்கில் பச்சையாக ஒளிரும் என்பதை மறந்தவர்கள் நல்ல கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டதும் உண்டு. வெற்றிடம் நிற்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையை முழுதாக நம்ப முடியாது. அது ஒரே ஒரு வளிமண்டல அழுத்தத்தில், அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கித்தான் இணைப்பைச் சோதிக்கிறது, ஓடும் அமைப்பிலோ பத்து மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. உலர்ந்த நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவுவது இதைவிட நம்பகமானது. நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்றினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

ஆர்-134ஏவும் பூமியைச் சூடேற்றும் வாயுவே என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இயற்றிய விதி ஒரு காரின் ஏ.சி.யிலிருந்து ஆண்டுக்கு 40 கிராமுக்கு மேல் கசியக்கூடாது என்றது. இரட்டைக் கூலிங் காயில் உள்ளவற்றுக்கு 60 கிராம். எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டாரை வைக்கும் இன்றைய மாற்றங்களில் கம்ப்ரசரும் மோட்டாரும் ஒரே கூட்டுக்குள் அடங்கிவிடுவதால் ஷாஃப்ட் சீல் என்ற உறுப்பே இல்லை. ஆனால் கம்ப்ரசர் எண்ணெய் மோட்டாரின் உயர் மின்னழுத்தச் சுருள்களை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. பெட்ரோல் கார்களில் வழங்கும் எண்ணெயோ, அதில் கரைத்த சாயமோ தவறிக் கலந்தால் மின்காப்பு கெட்டு வண்டியே நின்றுவிடக்கூடும் என்பதால், இவற்றில் கசிவு தேடுகிறவர்கள் இவ்வகைக்கென்று அனுமதித்த சாயத்தை மட்டும் கலக்கிறார்கள், அல்லது சாயத்தைத் தொடாமல் நைட்ரஜனுக்கும் சோப்பு நுரைக்கும் திரும்பிவிடுகிறார்கள்.