இல்ல ஒலிப்பதிவுக் கணினியின் மையச் செயற்பகுதி

இல்ல ஒலிப்பதிவுக் கணினியின் மையச் செயற்பகுதி என்பது, வீட்டிலேயே குரலையும் இசைக்கருவிகளையும் பதிந்து தொகுக்கும் கணினியில் ஒலிக் கணக்கீடுகளைச் செய்யும் நுண்செயலி ஆகும். இதனைத் தெரிவு செய்கையில் இரண்டு கூறுகள் முதன்மையாகக் கருதப்படுகின்றன: குறித்த காலத்துக்குள் கணக்கீட்டை முடிக்கும் திறன், பிற வன்பொருள், மென்பொருட்களுடன் பொருந்தும் தன்மை.

காலக்கெடு

கணினி, ஒலியை மாதிரிகளின் சிறு தொகுதிகளாகக் கையாள்கிறது. ஒரு தொகுதி தங்கும் நினைவகப் பகுதி இடையகம் எனப்படும். இசைக் குறுவட்டில் உள்ளவாறு நொடிக்கு 44,100 மாதிரிகள் எனக் கொண்டால், 128 மாதிரிகள் கொண்ட இடையகம் ஏறத்தாழ 2.9 மில்லிநொடிகளிலும், 1024 மாதிரிகள் கொண்டது 23.2 மில்லிநொடிகளிலும் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த தொகுதி ஆயத்தமாகாவிடின் ஒலி அறுபடும். பதிவின்போது இது நேர்ந்தால் நன்கு பாடப்பட்ட பகுதியும் வீணாகலாம்.

இடையகத்தைப் பெரிதாக்கினால் அறுபடுதல் குறையும். ஆனால் கணினி வழியே தம் குரலைக் கேட்டுப் பாடுபவருக்கு அது தாமதமாகக் கேட்கும். எனவே பதிவின்போது சிறிய இடையகமும், பின்னர் ஒலிக்கலவை செய்கையில் பெரிய இடையகமும் பயன்படுத்தப்படுகின்றன. தாமதம் செயற்பகுதியை மட்டும் பொறுத்ததன்று. ஒலி இடைமுகக் கருவியின் சாதன இயக்கியையும் பொறுத்தது. 1997இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய ஆசியோ நெறிமுறை, விண்டோசின் பொதுவான ஒலி அமைப்பைத் தவிர்த்து இத்தாமதத்தைக் குறைத்தது.

கோர்களின் எண்ணிக்கையும் வேகமும்

வெவ்வேறு ஒலித்தடங்களின் வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். ஆனால் ஒரே தடத்தில் வரிசையாக அமைந்த செருகுநிரல்களில், ஒன்றின் வெளியீடே அடுத்ததன் உள்ளீடு ஆதலால் அவை பொதுவாக ஒரே கோரில் இயங்குகின்றன. இதனால், தடங்கள் பல உள்ள பணிக்குக் கூடுதல் கோர்கள் உதவினாலும், தனிக் கோரின் வேகம் குறைந்த செயற்பகுதியில் ஒரு தடமே ஒலியை அறுக்கக்கூடும்.

பொருத்தப்பாடு

* சாக்கெட்டு: செயற்பகுதியின் சாக்கெட்டு தாய்ப்பலகையினதுடன் ஒத்திருத்தல் வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 வகை டிடிஆர்4 நினைவகத்தையும், 2022இல் வெளிவந்த ஏஎம்5 வகை டிடிஆர்5 நினைவகத்தையும் ஏற்கும். இன்டெலின் எல்ஜிஏ 1700 பலகைகளில் இவ்விரு வகைகளும் உண்டு.
* பயாசு: சாக்கெட்டு ஒத்திருப்பினும், புதிய செயற்பகுதியை அடையாளங்காணப் பழைய தாய்ப்பலகையின் பயாசைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம்.
* கட்டளைத் தொகுதி: ஏஎம்டியின் அத்லான் எக்சுபி செயற்பகுதியில் எசுஎசுஈ2 கட்டளைகள் இல்லை, அவற்றைக் கோரும் மென்பொருள் அதில் இயங்காது.
* கட்டமைப்பு: ஆப்பிளின் எம்1 (2020) கணினிகளில், இன்டெலுக்கென எழுதப்பட்ட செருகுநிரல்களை ரொசெட்டா 2 மென்பொருள் வழியே இயக்கலாம். ஆனால் கருனியோடு இணையும் சாதன இயக்கிகளுக்கு இவ்வழி இல்லை; அவற்றுக்குப் புதிய பதிப்பு தேவை.

வெப்பமும் இரைச்சலும்

வீடுகளில் கணினியும் ஒலிவாங்கியும் பெரும்பாலும் ஒரே அறையில் இருக்கும். மிகுந்த மின்திறன் கொள்ளும் செயற்பகுதி சூடேறும்போது விசிறி விரைந்து சுழன்று, அதன் இரைச்சல் பதிவில் கலக்கிறது. எனவே வெப்பம் குறைந்த செயற்பகுதியும், மெதுவாகச் சுழலும் பெரிய விசிறியும் இப்பணிக்கு ஏற்றவை.