கீரை ஆய்கிற சொல்

"கீரையை ஆஞ்சு வைம்மா" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அரைக்கீரைக் கட்டைப் பிரித்து முறத்தில் போட்டால் பழுத்த இலை ஒரு பக்கம், புழு அரித்தது ஒரு பக்கம், கூடவே அறுபட்டு வந்த புல் ஒரு பக்கம் என்று கை தானாகப் பிரிக்கத் தொடங்கும். இந்த 'ஆஞ்சு' என்ன சொல்? காய்ந்து 'காஞ்சு' ஆனதுபோல, மேய்ந்து 'மேஞ்சு' ஆனதுபோல, ஆய்ந்து என்பதன் பேச்சு வடிவம். பகுதி 'ஆய்'. ஆய்வு, ஆராய்ச்சி, ஆய்வகம், ஆய்வாளர் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவையே.

தொல்காப்பியத்தின் உரியியல், ஆய்தல் உள்ளிட்ட நான்கு சொற்களுக்கு நுணுக்கம் என்று பொருள் சொல்கிறது. உள்ளது மேலும் நுண்ணிதாவது. சங்கப் பாட்டுகளில் வரும் 'ஆயிழை'யை, தேர்ந்தெடுத்த நகை அணிந்தவள் என்றும் நுண்ணிய நகை அணிந்தவள் என்றும் விரிக்கலாம். இரண்டும் பொருந்தும், ஏனென்றால் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் நுணுகிப் பார்த்தாக வேண்டும். திருக்குறளின் 80ஆம் அதிகாரம் நட்பாராய்தல். முறத்தில் கீரைக்குப் பதில் மனிதர். மனுநீதிச் சோழன் கதையில் பசு இழுத்தது ஆராய்ச்சி மணி. அங்கே ஆராயப்படுவது குறை.

வடமொழியிலிருந்து வந்த 'சோதனை'யின் வழியும் இதற்குப் பக்கத்தில்தான் போகிறது. 'சுத்தம்' பிறந்த அதே வேரில் பிறந்தது அது. தூய்மைப்படுத்துவது என்ற பொருள் பிறகு சோதித்துப் பார்ப்பது என்று ஆயிற்று. கல்லும் புல்லும் நீக்குகிற வேலையிலிருந்தே இரண்டு மொழிகளும் அறிவியலுக்குச் சொல் எடுத்திருப்பதை நினைக்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம். ஃ என்ற எழுத்தின் பெயர் ஆய்தம். மூன்று புள்ளி கேடயம்போல இருப்பதால் 'ஆயுத எழுத்து' என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. அரை மாத்திரை அளவே ஒலிக்கும் நுண்ணிய எழுத்து என்பதால், நுணுக்கம் என்னும் பொருளில் ஆய்தம் என்றார்கள் என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையது. ஆய்வகத்தின் 'ஆய்'தான் அரிச்சுவடியிலும் இருக்கிறது.

அந்த எழுத்தை வைத்தே ஆய்வு தொடங்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஃ வருகிற சொற்களைப் புத்தகங்களில் தேடி எழுதச் சொல்லிப் பாருங்கள். எஃகு, அஃது, அஃறிணை, வெஃகாமை என்று பட்டியல் வளரும். முன்னால் என்ன எழுத்து, பின்னால் என்ன எழுத்து என்று கேட்டால் போதும். முன்னால் எப்போதும் குறில், பின்னால் எப்போதும் வல்லினம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்குள் ஒரு பிள்ளை 'காஃபி' என்பான், இன்னொருத்தி 'ஃபேன்' என்பாள். ஒன்றில் முன்னால் நெடில். மற்றதில் முன்னால் எழுத்தே இல்லை. விதி உடைகிறது. ஏன் உடைகிறது என்று கேட்கிறார்கள். தரவு சேர்த்து, விதி கண்டு, விலக்கைச் சந்தித்து, காரணம் தேடியாயிற்று. அறிவியல் ஆசிரியர் ஆண்டு முழுக்க விரும்புவது இதைத்தானே? இது நடந்தது தமிழ்ப் பாடவேளையில்.

அறிவியல் பாடவேளைக்குக் கீரைக்கட்டு போகட்டும். ஓட்டை விழுந்த இலைகளைத் தனியே எடுக்கிறார்கள். புழு தின்றதா, கட்டும்போது கிழிந்ததா? தின்ற விளிம்பு வளைந்து வளைந்து இருக்கும், பக்கத்தில் கறுப்பாக எச்சம் ஒட்டியிருக்கும். கிழிந்த விளிம்பு நீளமாக ஓடியிருக்கும். பார்த்ததை ஒரு வரி எழுத வேண்டும். 'ஓட்டை இருக்கிறது' என்று எழுதிய பிள்ளை, பக்கத்துப் பெண் "எந்த மாதிரி ஓட்டை?" என்று கேட்டதும் அழித்துவிட்டு 'ஓரம் வளைந்த ஓட்டை' என்று எழுதுகிறது. சொல் நுணுகியதும் பார்வையும் நுணுகிவிட்டது. தொல்காப்பியம் சொன்ன பொருள் அதுதான்.

ஆனால் இன்று பள்ளிக்கூடத்தில் 'ஆய்வு' என்றதும் நினைவுக்கு வருவது வேறு. "நாளைக்கு ஆய்வு" என்றால் அதிகாரி வருகிறார், வகுப்பறையைப் பெருக்கு, பதிவேட்டை முடி என்று பொருள். ஆய்வகமோ பல இடங்களில் பூட்டிக் கிடக்கிறது. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, முடிவு என்று கரும்பலகையில் இருப்பதைப் பிள்ளை பார்த்து எழுதுகிறது; செய்து பார்ப்பதற்கு முன்பே முடிவு நோட்டில் ஏறிவிடுகிறது. எழுதத் தெரிந்த பிறகுதான் அறிவியல் என்று தள்ளிப்போடுவது அதைவிடக் கெடுதல். ஓரம் வளைந்த ஓட்டையைப் பற்றிச் சொல்ல ஒரு பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறது.

எழுத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள இந்த உறவு நமக்குப் புதிதும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்ப அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போனபோது, அதில் முன்னின்று உழைத்த அமைப்புகளில் ஒன்று தமிழ்நாடு அறிவியல் இயக்கம். அறிவியலைப் பரப்ப வந்தவர்கள் முதலில் அ, ஆ சொல்லிக் கொடுத்தார்கள்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த வாரம் ஒரு நாள் வகுப்புக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கிப் போங்கள். முறமும் பழைய செய்தித்தாளும் போதும். முடிவை முதலில் சொல்லாதீர்கள். "ஆஞ்சு பாருங்க, பார்த்ததை எழுதுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.