பொன்னை ஏரியாக்கிய பண்டாரம்

திருப்பதி என்றதும் பொன் வேய்ந்த விமானமும் உண்டியலில் விழும் காணிக்கையும் நம் நினைவிற்கு வருகின்றன. அங்கே வந்து குவிந்த செல்வத்தைப் பற்றிப் பேசாதார் இல்லை. ஆயின், அச்செல்வத்தை முன்னோர் எவ்வாறு செலவிட்டனர், எதில் முதலீடு செய்தனர் என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. வினா பெரிது, அதற்குரிய விடையோ கோயிற் சுவரிலேயே, பெரும்பாலும் நம் தமிழிலேயே, எழுதப்பட்டிருக்கிறது.

திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் முதலிய அறிஞர்கள் அவற்றை ஆராய, தேவஸ்தானம் 1930-களில் தொகுதிகளாக அச்சிட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் வடமொழியிலும் சாசனங்கள் உண்டெனினும் மிகுதியானவை தமிழ்ச் சாசனங்களே. இதில் வியப்பொன்றுமில்லை. சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைக்கப்பட்டபோது அதன் பெரும்பகுதி வடஆர்க்காட்டினின்று பிரித்தெடுக்கப்பட்டதே; திருப்பதியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் 2022-இல்தான் தோன்றியது. எல்லைகள் மாறின, கல்லில் எழுதிய கணக்கு மாறவில்லை.

அக்கணக்கின் தொன்மையான ஏடுகளுள் ஒன்று சாமவை என்னும் பல்லவ குலத்து அரசியின் கொடை. பத்தாம் நூற்றாண்டினள் என்று பலரும் கருதும் இவ்வரசி, வெள்ளியால் ஒரு திருமேனி செய்தளித்தாள்; போக சீனிவாசர் என்று இன்றும் வழிபடப்பெறுவது அதுவே. அணிகலன்களும் அளித்தாள். அத்துடன் அமையாது, நித்திய வழிபாடும் திருவிழாவும் தடையின்றி நடைபெறும்பொருட்டு நிலமும் விட்டாள். திருமேனி ஒரு நாளில் கொடுத்து முடிகிற கொடை. நிலமோ ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டேயிருக்கிற கொடை. இந்த வேறுபாட்டை அவள் உணர்ந்திருந்தாள் என்பதே நாம் கருதத்தக்கது.

விஜயநகர வேந்தர் காலத்தில் இவ்வுணர்வு ஒரு தெளிவான முறையாக வளர்ந்தது. அரசர்கள் கோயிலுக்குத் திருவிடையாட்டமாக ஊர்களை அளித்தனர். அதாவது, அரசுக்குரிய மேல்வாரம் கோயிலைச் சாரும். ஆயின், சித்தூர்ச் சீமை வற்றாத ஆறு பாயும் நாடன்று. ஸ்வர்ணமுகியும் மழைக்காலத்து ஆறே. நீரில்லாத ஊரைப் பெற்றுப் பயன் என்ன? இவ்விடத்தில்தான் செல்வர்களின் ரொக்கம் உதவியது. ஒருவர் நற்பணம் கொண்டுவந்து ஸ்ரீபண்டாரத்தில் செலுத்துவார். கோயில் நிர்வாகிகளான ஸ்தானத்தார் அப்பணத்தைப் பெட்டியிலிட்டுப் பூட்டுவதில்லை. திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் காலும் வெட்டுவதற்கு அதனை இடுவார்கள். நீர் பெருக விளைவு பெருகும். பெருகிய விளைவைக் கொண்டு, கொடுத்தவர் விரும்பிய திருப்போனகமோ அப்பமோ அதிரசமோ குறித்த நாளில் பெருமாளுக்கு அமுது செய்விக்கப்படும். மேல்வாரம் பெருகும்போது உழவனுடைய குடிவாரமும் உடன் பெருகும். முதல் மண்ணில் நிலைத்து நின்றது. பயன் மட்டும் மடைப்பள்ளிக்கு வந்தது.

இதனை உடன்படிக்கை என்றே சொல்லவேண்டும். எவ்வளவு பணம், எந்த ஊரில் வெட்டும் கால், எத்தனை அளவு அரிசி, எவ்வளவு நெய், பயறு என்பனவெல்லாம் வரையறுக்கப்பட்டன. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு பெரும்பாலும் விட்டவன் விழுக்காடாகக் கொடையாளிக்கே உரியது. அதை அவர் தாமே பெறலாம், மடத்துக்கோ நந்தவனம் பேணுவோர்க்கோ எழுதிவைக்கலாம், விற்கவும் செய்யலாம். சூரிய சந்திரர் உள்ளளவும் நடக்க என்று விதித்து, முடிவில் கோயிற் கணக்கரான திருநின்றவூருடையான் தம் எழுத்தெனச் சான்றளிப்பார். இன்றைய சென்னைக்கு அருகிலுள்ள ஒரு தமிழூரின் பெயர் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வேங்கடத்துக் கணக்கில் நிலைபெற்றது. பிற மாநிலங்களில் வாழும் நாம், தமிழ் கவிதைக்கும் பக்திக்கும் உரிய மொழி மட்டுமே என்று சொல்லக் கேட்கும்போது இச்சாசனங்களை நினைவுகூரலாம். ஐயத்திற்கு இடமின்றிப் பொருட்கணக்கை எழுதிவைத்த மொழியும் அதுவே.

கொடையாளிகள் அரசர் மட்டுமல்லர். அதிகாரிகள், ஆசாரியர்கள், வணிகர்கள், கோயிற் பணியாளர்கள், தேவரடியார்கள் என்று பலதிறத்தாரும் அவ்வரிசையில் உள்ளனர். அன்னமாச்சாரியாரின் மைந்தர் பெத்த திருமலாச்சாரியார் பதினாறாம் நூற்றாண்டில் ஊர்களையும் பணத்தையும் வழங்கினார். சந்திரகிரியிலிருந்து ஆட்சி செலுத்தி 1485-இல் விஜயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மர், யாத்திரிகர் உண்ணும் இராமாநுசகூடத்துக்கு வழிசெய்து, கந்தாடை இராமாநுச ஐயங்காரிடம் அதன் பொறுப்பை ஒப்படைத்தார். அரசன் விட்ட பொருள் வயலில் நெல்லாகி, சந்நிதியில் நிவேதனமாகி, முடிவில் வழிநடந்து வந்த ஏழையின் இலையில் சோறாயிற்று. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில், இக்கோயிலை நாட்டுப்புற வேளாண்மையை வளர்த்த பொருளாதார நிலையமாகவே கண்டார்.

இதற்கு எதிர்ப்புறம் பொன்னின் வரலாறும் உண்டு. கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழுமுறை திருமலைக்கு வந்தார். உதயகிரி வெற்றிக்குப் பின் 1514-இல் 30,000 பொன்னால் கனகாபிஷேகம் செய்தார். 1518-இல் ஆனந்தநிலைய விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். நம் கண்ணில் படுவது விமானமே. ஏரி கண்ணில் படுவதில்லை. பேரரசரும் ஊர்களை விட்டவரே என்பதை மறத்தலாகாது. பொன் பக்தியின் ஒளி. அதனைப் பழித்தல் நம் நோக்கமன்று. எனினும் பொன் இருந்த இடத்தில் இருந்தவாறே இருக்கும்; நீர் பாய்ந்த இடமெல்லாம் விளைவிக்கும்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ச்சியுற்றபின் கொடைகள் அருகின. பின்னர் ஆர்க்காட்டு நவாபு கோயில் வருவாயைத் தம் வருவாயாகக் கருதினார். 1801-இல் அது கும்பினியார் கைக்கு மாறியது. 1821-இல் புரூஸ் என்னும் அதிகாரி வகுத்த விதிகள் நிர்வாகத்தை ஒழுங்கு செய்தன. ஆனால் கொடையாளி, ஊர், நிவேதனம் என்னும் மூன்றையும் பிணைத்திருந்த பழைய சங்கிலி அறுந்துவிட்டது. ஈட்டிய பொருள் அரசாங்கக் கணக்கில் ஒரு வரவாயிற்று. விளைத்த ஊருக்கு அது மீளவில்லை. 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்து சேவாதாசரிடம் பொறுப்பு வந்தது. சென்னை மாகாணச் சட்டசபை 1932-இல் இயற்றிய சட்டத்தின்படி 1933-இல் தேவஸ்தானக் குழு தோன்றியது.

அதன்பின் செல்வம் புதிய வாய்க்கால்களில் பாய்ந்தது. 1945-இல் திருப்பதியில் ஸ்ரீவேங்கடேஸ்வரா கல்லூரியும், 1961-இல் தில்லியில் அப்பெயர் கொண்ட கல்லூரியும் எழுந்தன. தில்லிவாழ் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இரண்டாவதன் பயனைத் துய்த்தவர்களே. 1985-இல் தொடங்கிய நித்திய அன்னதானத் திட்டத்தில் அன்பர்கள் தரும் பொருளை வங்கியில் இட்டு, வட்டியைக் கொண்டு உணவளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. 2022-இல் தேவஸ்தானம் வெளியிட்ட அறிக்கையின்படி வங்கி வைப்புத்தொகை 15,900 கோடி ரூபாய்க்கு மேல். பொன் பத்து டன்னுக்கு மேல்.

முதல் அழியாது பயன் தொடர வேண்டும் என்னும் நெறி உலகறிந்தது. சுவீடன் நாட்டு ஆல்பிரெட் நோபெல் 1895-இல் எழுதிய விருப்ப ஆவணத்தில், தம் செல்வத்தைப் பாதுகாப்பான முதலீட்டில் இட்டு, அதன் ஆண்டு வருவாயைப் பரிசாக வழங்கப் பணித்தார். ஸ்தானத்தார் கல்லில் வெட்டியதும் அந்நெறியே, காலத்தால் முந்தியது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. நோபெல் முதலை எங்கே இடுவது என்பதில் பாதுகாப்பை மட்டும் நோக்கினார். ஸ்தானத்தார் முதலை இட்ட செயலே அறமாயிற்று. வட்டி பிறப்பதற்கு முன்பே, வெட்டிய கால்வாய் ஓர் ஊரைக் காத்தது.

இன்று பெருஞ்செல்வர் அறக்கட்டளை நிறுவும்போது வருவாயை எதற்குச் செலவிடுவார் என்றே வினவுகிறோம். அம்முதல் எங்கே கிடக்கிறது, அங்கே யாருக்கு உதவுகிறது என்றும் வினவுதல் வேண்டும். திருமலைச் சுவர்கள் நமக்குக் கற்பிக்கும் பொருளியல் அதுவே. அடுத்தமுறை மலையேறும் நேயர்கள், விமானத்தைத் தொழுதபின் சுவரிலும் சற்றே கண் செலுத்துவார்களாக. அங்கேயுள்ள எழுத்து நம் எழுத்து. அக்கணக்கை எழுதியவர் நம்மவர்.