மூன்று குளிர்கள்: பேரி இரகங்களின் உட்கூறும் சேமிப்பும் – வத்தல்மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 24 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கடந்தால் வருவது வத்தல்மலை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்களில் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமையும் கேழ்வரகும் அவர்களது பழம்பயிர்கள். காப்பியும் மிளகும் பின்னர் வந்து நிலைத்தவை. இத்தகைய மலைகளின் வருமானத்தை உயர்த்தப் புதிய பழமரம் ஒன்றைக் கொடுத்து, அடிவாரத்தில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றைக் கட்டினால் போதும் என்ற கருத்து பரவலாக உள்ளது. பேரியைப் பொறுத்தவரை இக்கருத்து முழுமையற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேரியை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. வத்தல்மலைக்குத் தெற்கே உள்ள சேர்வராயன் மலையில், 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியோடு பேரியையும் ஆப்பிளையும் பயிரிடச் செய்தார். காப்பி மலைதோறும் பரவியது. பேரியோ ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி என உயர்ந்த மலைகளிலேயே தங்கிவிட்டது. ஏன் இறங்கி வரவில்லை என்ற கேள்விக்கான விடை அந்தப் பழத்தின் உடற்கூற்றிலேயே இருக்கிறது. பேரி தன் வாழ்நாளில் மூன்று முறை குளிர்ச்சியை வேண்டுகிறது: மரமாக ஒருமுறை, பறித்த காயாக ஒருமுறை, பழுக்கும்போது ஒருமுறை. எந்த இரகம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு குளிர் கேட்கிறது என்பதை அறியாமல் மரம் நடுவதும் பயன் தராது. கிடங்கு கட்டுவதும் பயன் தராது.

1. உட்கூறில் இரகங்கள் வேறுபடும் விதம்

உலகில் உண்ணப்படும் பேரிகளை இரு பெரும் குடும்பங்களாகப் பிரிக்கலாம். பைரஸ் கம்யூனிஸ் இனத்தைச் சேர்ந்த ஐரோப்பியப் பேரி பழுத்தபின் வெண்ணெய் போல் குழையும். மணற்பேரி எனப்படும் பைரஸ் பைரிஃபோலியா முதலிய ஆசிய இனங்கள் பழுத்த பின்னும் மொறுமொறுவென்றே இருக்கும். பஞ்சாபில் பெருமளவில் விளையும் பத்தர்நாக் இரண்டாம் வகை. நம் மலைகளில் நன்கு அறியப்பட்ட கீஃபர், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆசிய மணற்பேரியும் ஐரோப்பியப் பேரியும் கலந்து பிறந்தது.

இவ்விரு குடும்பங்களின் வேறுபாடு நீரிலேயே தொடங்குகிறது. 100 கிராம் ஐரோப்பியப் பேரியில் சுமார் 84 கிராம் நீரும் 10 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் இருக்கும். ஆசியப் பேரியில் நீர் சுமார் 88 கிராம், சர்க்கரை 7 கிராம். நார்ச்சத்து இரண்டிலும் 3 கிராமுக்குக் குறையாது. வைட்டமின் சி இரண்டிலும் 4 மில்லிகிராம் அளவே. எனவே பேரியை வைட்டமினுக்காகப் பரிந்துரைப்பதில் பொருளில்லை. அதன் சத்து நாரிலும், தோலில் செறிந்துள்ள குளோரோஜெனிக் அமிலம், ஆர்புடின் முதலிய ஃபீனால் சேர்மங்களிலும் உள்ளது. காயை வெட்டியதும் பழுப்பேறுவதும் இச்சேர்மங்களாலேயே.

சர்க்கரையின் அளவைவிட அதன் வகை முக்கியமானது. ரோஜாக் குடும்ப மரங்களில் இலை தயாரிக்கும் உணவு பெரும்பாலும் சார்பிட்டாலாகக் கனிக்கு வந்து சேர்கிறது. ஐரோப்பிய இரகங்களில் அது மாறிப் பிரக்டோஸே மிகுந்து நிற்கும், சுக்ரோஸ் குறைவு. ஜப்பானிய இரகங்கள் சிலவற்றில் சுக்ரோஸும் கணிசமாகத் திரளும். புளிப்பைத் தருபவை மாலிக், சிட்ரிக் அமிலங்கள். ஆசியப் பேரிகளில் புளிப்பு பொதுவாகக் குறைவு. அதனால் சர்க்கரை குறைந்திருந்தும் அவை நாக்குக்கு இனிப்பாகவே தோன்றுகின்றன.

மணத்தில் இடைவெளி இன்னும் பெரிது. வில்லியம்ஸ் என்றும் பார்ட்லெட் என்றும் அழைக்கப்படும் இரகத்தின் தனி மணம் டெக்காடையீனோயேட் எஸ்டர்களால் வருவது. இவை காயில் இல்லை, பழுக்கும்போதுதான் உருவாகின்றன. மொறுமொறுப்பான ஆசிய இரகங்களில் எஸ்டர்கள் சொற்பம்.

கடைசியாகக் கல்லணுக்கள். பேரியைக் கடிக்கும்போது பல்லில் நறநறப்பவை இவை. பூ உதிர்ந்த சில வாரங்களிலேயே லிக்னின் படிந்து உருவாகி, கருப்பகுதியைச் சுற்றி அடர்ந்து நிற்கும். மணற்பேரியிலும் அதன் கலப்பினங்களிலும் இவை அதிகம். பெக்டினைக் கரைக்கும் நொதிகள் கல்லணுவின் சுவரைத் தொடுவதில்லை. ஆகவே எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் நறநறப்பு போகாது. சுற்றியுள்ள சதை மென்மையாகும்போது அது கூடுதலாகவே உணரப்படும். சேமிப்பால் திருத்த முடியாத குறை இரகத் தேர்விலேயே தீர்க்கப்பட வேண்டும் என்பதற்கு இது முதல் சான்று.

2. முதற்குளிர்: மரம் கேட்பது

பேரி இலையுதிர் மரம். குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் குறிப்பிட்ட மணிநேரம் இருந்தால்தான் மொட்டுகள் உறக்கம் கலைந்து சீராகப் பூக்கும். ஐரோப்பிய இரகங்கள் பல ஏறத்தாழ 1,200 மணிநேரம் கேட்பவை. பத்தர்நாக்கிற்கு 150 மணிநேரமே போதும். கீஃபரும் குறைந்த குளிரிலேயே காய்க்கும்.

உதகை 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த ஏணியில் வத்தல்மலை கடைசிப் படி. வடக்கு அட்சம் 12 பாகையில் 1,000 மீட்டர் உயரத்தில் 7 டிகிரிக்குக் கீழ் நீண்ட இரவுகளை எதிர்பார்க்க முடியாது. எனவே பார்ட்லெட் போன்ற தூய ஐரோப்பிய இரகங்களுக்கு வத்தல்மலையில் இடமில்லை. மணற்பேரி வழிவந்தவற்றை மட்டுமே சோதனைக்கு எடுக்கலாம். அவையும் அங்குச் சீராகப் பூக்குமா என்பதை வயலில் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

3. இரண்டாம் குளிர்: காய் கேட்பது

பேரியின் தனித்தன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் குளிர் காயப்படுத்தும். ஐரோப்பியப் பேரியையோ குளிர் பழுக்கத் தகுதியாக்குகிறது. மரத்திலேயே பழுக்கவிட்டால் அது உள்ளிருந்து குழைந்து, சதை மாவுபோலாகிக் கெடும். ஆகவே முற்றிய, ஆனால் கடினமான நிலையில் பறிக்கிறார்கள். பறித்த காய் உடனே பழுப்பதில்லை. குளிரில் இருக்கும் நாள்களில், எத்திலீனை உருவாக்கும் ஏசிசி சிந்தேஸ், ஏசிசி ஆக்சிடேஸ் என்ற நொதிகளின் மரபணுக்கள் மெல்ல விழிக்கின்றன. பின்னர் வெப்பத்துக்கு மாற்றினால் எத்திலீன் பொங்கி, பழுத்தல் தொடங்குகிறது.

இந்தக் குளிரின் நீளம் இரகத்துக்கு இரகம் மாறும். மைனஸ் 1 டிகிரியில் பார்ட்லெட்டுக்கு இரண்டு மூன்று வாரம், காமிஸுக்கு ஒரு மாதம், ஆஞ்சூவுக்கு இரண்டு மாதம் வேண்டும். 5 முதல் 10 டிகிரி வரையான வெப்பநிலையில் இதே தகுதி இன்னும் விரைவில் வந்துவிடுகிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. அதாவது நெடுநாள் காப்பதற்கான வெப்பநிலை வேறு, பழுக்கத் தயார்செய்வதற்கான வெப்பநிலை வேறு. ஆசியப் பேரிகளுக்கு இந்தத் தயாரிப்பு தேவையில்லை. மரத்திலேயே உண்ணும் பக்குவத்துக்கு வந்துவிடும். நிஜிசெய்கி போன்ற ஜப்பானிய இரகங்கள் எத்திலீனையே மிகக் குறைவாக வெளிவிடுகின்றன. அவற்றுக்குக் குளிர் வெறும் காப்பு மட்டுமே.

4. கிடங்கில் நிகழும் மாற்றங்கள்

பேரிக்கு உகந்த சேமிப்பு மைனஸ் 1 முதல் 0 டிகிரி வரை. ஈரப்பதம் 90 முதல் 95 விழுக்காடு. சர்க்கரை கரைந்திருப்பதால் காய் 0 டிகிரியில் உறைவதில்லை. முதல் வாரங்களில் எஞ்சிய மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், கரைந்த சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் அளவு சற்றே ஏறும். பிறகு சுவாசம் அதைத் தின்னத் தொடங்கும். ஏற்றம் நின்று இறக்கம் வரும். அமிலம் தொடக்கம் முதலே குறையும். புளிப்பு போய் இனிப்பு மட்டும் எஞ்சும்போது பழம் சப்பென்று ஆகிறது. புளிப்பு இயல்பிலேயே குறைந்த ஆசிய இரகங்கள் இந்த நிலையை விரைவில் எட்டுகின்றன.

கடினத்தன்மை குறைவதற்குக் காரணம் செல்சுவரின் பெக்டின் சிதைவது. பறிக்கும்போது 75 நியூட்டன் அளவில் இருக்கும் பார்ட்லெட், உண்ணும் பக்குவத்தில் 20 நியூட்டனுக்கும் கீழே இறங்கும். பத்தர்நாக்கில் இந்த வீழ்ச்சி மெதுவானது. 0 முதல் 1 டிகிரியில் சுமார் இரண்டு மாதம் விற்பனைத் தரத்தோடு நிற்கும்.

நெடுநாள் வைத்தால் வரும் கேடுகளும் இரகத்தைப் பொறுத்தவை. ஆஞ்சூவில் தோலிலுள்ள ஆல்ஃபா ஃபார்னசீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோல் கருகியதுபோல் ஆகும். பார்ட்லெட்டைச் சாதாரணக் காற்றில் மூன்று மாதத்துக்கு மேல் வைத்தால் தோல் மஞ்சளாகும், சதை பழுக்காது. பழுக்கும் ஆற்றலையே அது இழந்துவிட்டிருக்கும். குளிர் கொடுத்த தகுதியைக் குளிரே பறித்துக்கொள்ளும் எல்லை இது. ஈரப்பதம் குறைந்தால் எடை இழப்பு 5 விழுக்காட்டை நெருங்கும்போது காம்புப்பக்கம் சுருக்கம் விழும். சந்தையில் காய்க்கு மதிப்பு போய்விடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கிடங்குகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே குளிரில் வைக்கப்படுவது பெரும்பாலும் புளி. உலர்ந்த புளிக்கு வேண்டிய ஈரப்பதத்தில் பேரி சுருங்கும். மாம்பழமும் தக்காளியும் 12, 13 டிகிரி கேட்பவை. பேரிக்கேற்ற 0 டிகிரியில் அவை குளிர்க்காயம் அடையும். ஒரே அறையில் எல்லாவற்றையும் வைக்கும் பொதுக்கிடங்கு எந்தப் பழத்துக்கும் கிடங்காக இராது.

5. மூன்றாம் குளிர்: பழுக்கும் இடம்

பழுத்தலுக்கும் எல்லை உண்டு. ஐரோப்பியப் பேரி 18 முதல் 20 டிகிரியில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நன்கு பழுக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் மென்மையாதல் தடைபடும், மணமும் வராது. கீஃபர் இன்னும் கண்டிப்பானது: 15.5 முதல் 18 டிகிரிக்குள் பழுத்தால்தான் அதன் சதை சாறோடு இளகும். வெப்பத்தில் பழுத்த கீஃபர் கரடுமுரடாகவே நிற்கும். கீஃபரைச் சமையலுக்கும் ஜாமுக்கும் மட்டுமே உகந்ததென ஒதுக்கும் வழக்கத்தில் ஒரு பங்கு, பழுக்கவைத்த வெப்பநிலையின் தவறு. கொடைக்கானலில் வில்பட்டி, பள்ளங்கிப் பகுதிகளில் பறித்து, அன்றே சமவெளி வெயிலுக்கு இறக்கும் காய்க்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. மலையில் இலவசமாகக் கிடைக்கும் குளிர்ச்சியை விட்டுவிட்டு, சமவெளியில் மின்சாரம் செலவழித்து அதையே மீண்டும் உண்டாக்குகிறோம்.

6. வத்தல்மலைக்குப் பொருந்தும் வழி

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வத்தல்மலைக்கான விடை குறுகித் தெளிகிறது. மணற்பேரியும் கீஃபர் போன்ற கலப்பினங்களும் மட்டுமே சோதனைக்கு உரியவை. அதுவும் வெயில் படும் தோட்ட ஓரங்களில், காப்பியின் இடத்தைப் பிடிக்காமல். மணற்பேரிக்கு நீண்டகாலக் கிடங்கு தேவையில்லை. செங்கல்லும் ஈரமணலும் கொண்டு கட்டும், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மின்சாரமில்லாக் குளிர்வறை, ஈரப்பதத்தை 90 விழுக்காடு அளவில் காத்து, வண்டி வரும்வரை காயைச் சுருங்காமல் வைத்திருக்கும். கீஃபருக்கு, மலைமேலேயே 18 டிகிரியில் நிற்கும் சிறிய பழுக்கவைக்கும் அறை வேண்டும். வெளிக்காற்றே குளிர்ந்திருக்கும் உயரத்தில் அதற்கான மின்செலவு சமவெளியைவிடக் குறைவு. முழுதும் பழுத்தபின் வளைவுகளில் இறக்கினால் நசுங்கும். ஆகவே பழுத்தல் தொடங்கியதும், சதை இன்னும் உறுதியாக இருக்கையிலேயே இறக்க வேண்டும்.

மாம்பழத்துக்கென்று அடிவாரத்தில் உள்ள பழுக்கவைக்கும் அறைகளையும் மறந்துவிடக் கூடாது. மாம்பருவம் ஓயும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் மலைப்பேரியின் பருவம். அனுமதிக்கப்பட்ட 100 பிபிஎம் அளவுக்குள் எத்திலீன் வாயு கொடுத்தால், நெடுநாள் குளிர் கேட்காத இரகங்களில் குளிர்த் தயாரிப்பை அது பெருமளவு ஈடுசெய்யும். கார்பைடு கற்களுக்கு இதில் எவ்வகையிலும் இடமில்லை. சட்டம் அதைத் தடைசெய்துள்ளது.

ஒரு மறுப்பு எழலாம்: குறைந்த குளிரில் விளையும் இரகங்கள் மணமற்றவை, நறநறப்பானவை, காஷ்மீரத்துப் பேரியோடும் இறக்குமதிப் பேரியோடும் சந்தையில் எப்படி நிற்கும்? மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் ஒப்பீடு பொருந்தாது. மணற்பேரியின் மதிப்பு அதன் சாறிலும் மொறுமொறுப்பிலும் இருக்கிறது. அதை ஐரோப்பியப் பேரியின் மணத்தோடு நிறுத்து எடைபோடக் கூடாது. உலகப் பேரி விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீனத்தில் விளைகிறது, அதில் பெரும்பகுதி மொறுமொறுப்பு இரகங்களே என்பது அச்சுவைக்கு உள்ள வரவேற்பைக் காட்டும். தொலைவிலிருந்து வரும் பழம் மாதக்கணக்கில் குளிரில் இருந்து புளிப்பை இழந்து வருவது. பறித்த வாரத்திலேயே தருமபுரிச் சந்தைக்கு வரும் காய்க்கு அந்தப் புளிப்பும் சாறும் முழுமையாக இருக்கும்.

முடிவுரை

பேரியின் உட்கூறும் சேமிப்பும் தனித்தனிப் பாடங்கள் அல்ல. கல்லணுவின் அளவு எந்த இரகம் என்பதையும், அமிலம், எத்திலீன் ஆகியவற்றின் அளவு அதற்கு எவ்வளவு குளிர், எவ்வளவு காலம் என்பதையும் முடிவுசெய்கின்றன. எனவே இரகத் தேர்வும் கிடங்கின் வடிவமும் ஒரே மேசையில், ஒரே நாளில் எடுக்க வேண்டிய முடிவுகள்.

ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் இணைந்து, நம் மலைப்பேரிகள் ஒவ்வொன்றின் பிரிக்ஸ், அமிலம், கடினத்தன்மை, சேமிப்புக்காலம் ஆகியவற்றை இரகவாரியாக அளந்து, உழவர் படிக்கும் தமிழில் அட்டவணையாக வெளியிட வேண்டும். வத்தல்மலையில் சில மரங்களைச் சோதனையாக நட்டு, அவை பூத்துக் காய்ப்பதைப் பார்த்த பிறகே பெருநடவுக்கு மானியம் தர வேண்டும். ஒரு பழமரம் பலன் தரப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகள் மலையாளி உழவரின் ஆண்டுகள். தவறான இரகத்துக்கு அவற்றைச் செலவிடச் சொல்லும் உரிமை எந்தத் திட்டத்துக்கும் இல்லை.